ஊருணிக்கு யார் நன்றி சொல்வது?

மார்கழி மழை ஓய்ந்துவிட்டால் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சேம்பர்களில் ஒடியா மொழி கேட்கத் தொடங்கும். ஒடிசாவின் பாலாங்கீர், நுவாபாடா மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். அங்கே ஆவணி வாக்கில் புதுநெல் படைத்து உண்ணும் நுவாக்காய் திருவிழா வரும். அதை ஒட்டியே ஆள் பிடிக்கும் மேஸ்திரி வீடு தேடி வந்து முன்பணத்தைக் கையில் திணித்திருப்பார். அந்தப் பணம் கழிய ஐந்தாறு மாதம் கல் அறுக்க வேண்டும். கணவன், மனைவி, பிள்ளை மூவரும் சேர்ந்ததுதான் அங்கே ஒரு கணக்கு.

பிள்ளைக்கு என்ன வேலை? அச்சிலிருந்து தட்டிப் போட்ட பச்சைக்கல் களத்தில் வரிசை வரிசையாகக் காயும். ஒரு பக்கம் இறுகியதும் மறுபக்கம் வெயில் படத் திருப்பிப் போட வேண்டும். பெரியவர்கள் வரிசை மேல் கால் வைத்தால் ஈரம் காயாத கல் நசுங்கிப்போகும். எட்டு வயதுப் பிள்ளை மிதித்தால் நசுங்காது. அதனால் அந்த வேலை பிள்ளையினுடையது. விடிவதற்கு முன்பே எழுந்து, குளிர்ந்த மண்ணில் வெறுங்காலோடு குனிந்து, ஒவ்வொரு கல்லாகப் புரட்டிக்கொண்டே போக வேண்டும். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேச்சு. ஆயிரம் என்பது எவ்வளவு என்று அந்தப் பிள்ளையின் முதுகுக்குத் தெரியும். அந்த எண்ணை எழுதத்தான் தெரியாது.

ஊரில் அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லாமல் இல்லை. பதிவேட்டில் பெயர் இருக்கும், பெஞ்சில் ஆள் இருக்காது. வேலைக்கு வந்த ஊரிலோ பதிவேட்டில் பெயரே இருக்காது. இரண்டு மாநிலங்களின் பதிவேடுகளுக்கு நடுவே கீழே விழுந்துவிட்ட பிள்ளை அது. இவர்களுக்காகவே திருவள்ளூர், காஞ்சிபுரம் பகுதிகளில் சூளைகளை ஒட்டிச் சிறு வகுப்புகள் நடத்தப்பட்டன. ஒடிசாவிலிருந்து ஒடியா பாடநூல்கள் தருவிக்கப்பட்டன. தகரக் கூரைக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, தமிழ்நாட்டு மண்ணில் ஒடியா எழுத்தைக் கூட்டிப் படித்தார்கள் பிள்ளைகள்.

இப்படி ஒரு வகுப்பைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: பெரிய புண்ணியம். மனதாரச் சொல்வதுதான், அதில் குறை காண ஏதுமில்லை. அன்னசத்திரங்களையும் ஆலயங்களையும்விட ஓர் ஏழைக்கு எழுத்தறிவிப்பது மேலானது என்று பாரதி சொன்னபோதும் புண்ணியம் என்ற அளவுகோலைத்தான் கையில் எடுத்தார். அந்தக் காலத்துத் தர்மவான்களின் கையைச் சத்திரத்திலிருந்து பள்ளிக்கூடத்தின் பக்கம் திருப்ப அதைவிட நல்ல சொல் கிடைத்திருக்காது.

ஆனாலும் அந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. புண்ணியம் யார் கணக்கில் ஏறுகிறது? கொடுத்தவர் கணக்கில். வாங்கிக்கொண்ட பிள்ளைக்கு மிஞ்சுவது நன்றிக்கடன். கொடுத்தால் புண்ணியம் என்றால், கொடுக்காவிட்டால்? புண்ணியம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அன்னதானம் செய்யாத மனிதரை ஊர் கை நீட்டிக் குற்றம் சொல்லாது. வாங்கிய கடனைத் திருப்பித் தராதவரைச் சொல்லும், அவர் வீட்டு வாசலில் போய் நிற்கவும் செய்யும். எழுத்தும் எண்ணும் கிடைக்காமல் போன பிள்ளைக்கு ஊர் கூடிக் கற்றுக்கொடுப்பது இவற்றில் எந்த வகை? தானமா, கடனா?

கேட்பதற்கு ஏட்டுக் கேள்வி போலத் தோன்றும். எத்தனை மணிக்கு வகுப்பு, யார் ஆசிரியர், எவ்வளவு நாள், எங்கே போய் முடிய வேண்டும் என்று ஒவ்வொன்றையும் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான்.

தமிழில் பள்ளி என்ற சொல்லே சமயத்தின் வீட்டிலிருந்து வந்தது. சமணத் துறவிகள் தங்கிய இடம் பள்ளி. முஸ்லிம்கள் தொழும் இடம் பள்ளிவாசல். பிள்ளைகள் படிக்கும் இடம் பள்ளிக்கூடம். சமணம் தானத்தை நான்காக வகுத்தது: உணவு, அடைக்கலம், மருந்து, சாத்திரம். பசித்தவனுக்குச் சோறு எப்படியோ, நோயாளிக்கு மருந்து எப்படியோ, அப்படித்தான் எழுத்தும் என்று அறிவை வயிற்றுக்கும் உடம்புக்கும் பக்கத்தில் கொண்டுபோய் வைத்த மரபு அது. வைதிக மரபில் வித்யாதானம் என்ற சொல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆகவே தானம் என்ற பேச்சுக்குப் பழமையும் மதிப்பும் உண்டு.

அதே மரபுகளுக்குள் இன்னொரு பேச்சும் ஓடுகிறது. மனிதன் கடனோடு பிறக்கிறான் என்கிறது வேதம். தேவர்களுக்கு வேள்வி, முன்னோருக்கு மக்கட்பேறு, ரிஷிகளுக்கு ஓதுதல். கற்பதும் கற்றதை அடுத்தவருக்குக் கைமாற்றுவதும் இங்கே தயவில் செய்வதல்ல, கணக்குத் தீர்ப்பது. இஸ்லாமிய வரலாற்று நூல்களில் இன்னும் துலக்கமான ஒரு செய்தி இருக்கிறது. பொ.ஆ. 624-இல் நடந்த பத்ர் போரில் பிடிபட்ட மக்காக் கைதிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், பணம் கட்ட முடியாவிட்டால், மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்து விடுதலை பெறலாம் என்று நபிகள் நாயகம் அனுமதித்தார் என்பது அது. கற்பித்தல் அங்கே ஈட்டுத்தொகை. ஒரு மனிதனின் சுதந்திரத்துக்குச் சமமான விலை. ஒரு பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித் தருவதை இத்தனை உயரத்தில் வைத்துத் தூக்கிய தராசு வேறெங்கும் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

புறநானூற்றில் பொன்முடியார் ஒவ்வொருவரின் கடமையையும் அடுக்கும்போது, மகனைச் சான்றோன் ஆக்குவதைத் தந்தையின் கடன் என்றே சொல்கிறார். இன்றைக்குக் கல்விக்கடன் என்றால் வங்கிக்கு மாணவன் கட்ட வேண்டிய தொகை என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். பெரியவர்கள் பிள்ளைக்குப் பட்ட கடன் என்ற பொருள் நம் மொழியில் அதற்கு ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் மூத்தது.

ஆனால் வேதம் சொன்ன கடனில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஓதும் உரிமை பிறப்பால் வரையறுக்கப்பட்டது. ஓதுகிறவருக்கு ரிஷிகளிடம் கடன் உண்டு, சரி. ஓதக் கூடாது என்று விலக்கி வைக்கப்பட்டவர்களுக்கு ஊர் எவ்வளவு கடன்பட்டிருக்கிறது? அந்தப் பக்கத்தை அந்தச் சாத்திரங்கள் எழுதவே இல்லை.

அந்தப் பக்கத்தைச் சிதம்பரத்தில் எழுதத் தொடங்கியவர் சுவாமி சகஜானந்தா. ஆரணிக்குப் பக்கத்தில் மேல்புதுப்பாக்கத்தில் 1890-இல் ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்து, துறவு பூண்டு, தில்லைக்கு வந்தவர். 1916-இல் தம் சமூகத்துப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த பெயர் நந்தனார். தில்லைக்குப் போக ஏங்கி ஏங்கிக் கிடந்த அந்த அடியார் தீயில் மூழ்கி எழுந்த பிறகுதான் கோயிலுக்குள் போக முடிந்தது என்கிறது பெரிய புராணம். அதே தில்லையில், அதே பெயரில், எந்தப் பிள்ளையும் எந்தத் தீயிலும் இறங்காமல் நுழையக்கூடிய ஒரு வாசலைக் கட்டினார் சகஜானந்தா. சைவத் துறவி ஒருவர் சைவத்துக்கே எழுதிய பதில் அது. அந்தப் பெயரில் அரசுப் பள்ளி சிதம்பரத்தில் இன்றும் நடக்கிறது.

சென்னையில் அதற்கு முன்பே, 1894-இல், பிரம்மஞான சபையின் தலைவர் ஆல்காட் அடையாறு பக்கம் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். 1898-இல் அயோத்திதாசர் அவருடன் இலங்கைக்குப் போய்ப் பௌத்தம் தழுவினார். சைவம், பௌத்தம், கிறித்தவ மிஷன்கள் என்று வெவ்வேறு திசையிலிருந்து வந்தவர்கள் வந்து நின்ற இடம் ஒன்றுதான்: எழுத்து மறுக்கப்பட்ட பிள்ளையின் முன்னால்.

அப்படி நிற்கிற மனிதர் தம் சமயத்தை அங்கே என்ன செய்ய வேண்டும் என்பது இன்னொரு கடினமான கேள்வி. அதற்கு இத்தாலியப் பாதிரியார் ஒருவர் தம் வாழ்க்கையால் பதில் சொல்லியிருக்கிறார்.

லொரென்சோ மிலானி ஃபுளோரன்ஸ் நகரில் 1923-இல் வசதியான, படித்த குடும்பத்தில் பிறந்தவர். தாய் யூதர். இளைஞராக இருக்கும்போது கத்தோலிக்கத்துக்கு வந்து 1947-இல் குருப்பட்டம் பெற்றார். முதலில் அனுப்பப்பட்ட சான் தொனாத்தோ என்ற ஊரில் உழைக்கும் இளைஞர்களுக்கு மாலைப் பள்ளி நடத்தினார். அந்த ஊரில் பாதிப் பேர் கம்யூனிஸ்டுகள். வகுப்பறைச் சுவரில் சிலுவை மாட்டியிருந்தது. ஒரு கம்யூனிஸ்டுத் தொழிலாளியின் மகன் அதைப் பார்த்து வாசலோடு திரும்பிவிடக் கூடாது என்று அந்தச் சிலுவையை மிலானி கழற்றி வைத்தார்.

ஒரு பாதிரியாருக்கு இது சின்னக் காரியமல்ல. இந்தப் பள்ளி என் திருச்சபைக்கு ஆள் சேர்க்கும் இடமில்லை, இந்தப் பிள்ளைகளுக்கு நான் தர வேண்டியதைத் தருகிற இடம் என்பதுதான் அதன் பொருள். தானம் கொடுப்பவர் தன் பெயரைப் பொறிக்கலாம், தன் சின்னத்தை மாட்டலாம். கடன் திருப்புகிறவருக்கு அந்த உரிமை கிடையாது. நூறு வருடமாகக் கல்விப் பணி செய்த மத அமைப்புகள் எல்லாவற்றுக்கும், எந்த மதமானாலும், அந்த ஆணி அடித்த வெற்றுச் சுவர் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே இருக்கிறது.

மேலிடத்துக்கு அவரைப் பிடிக்கவில்லை. 1954 டிசம்பரில் பார்பியானா என்ற மலைக்குக்கிராமத்துக்கு மாற்றினார்கள். அங்கே போகச் சாலை இல்லை, மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. காட்டுக்குள் சிதறிக் கிடந்த சில குடியானவர் வீடுகளும் ஒரு கோயிலும்தான். அப்போது அவருக்கு வயது 31. போய்ச் சேர்ந்த மறுநாளே அந்த ஊர் இடுகாட்டில் தமக்கு ஒரு குழிக்கு இடம் வாங்கிப் போட்டார். இங்கிருந்து நகரப் போவதில்லை என்று அந்த மக்களுக்குச் சொல்ல அவர் கண்டுபிடித்த வழி அது.

கோயில் வீட்டின் அறையில் பள்ளி தொடங்கியது. படிப்பு வராது என்று கீழே இருக்கும் பள்ளிகள் தள்ளிவிட்ட குடியானவர் பிள்ளைகள்தான் மாணவர்கள். மேசைகளை அவர்களே செய்தார்கள். காலையில் தொடங்கி இருட்டும் வரை வகுப்பு, ஞாயிறும் உண்டு, ஆண்டு விடுமுறை என்பதே கிடையாது. பெரிய பையன் சின்னவனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். எல்லோரிலும் பின்தங்கியவனுக்குப் புரியும் வரை பாடம் நகராது. தினமும் செய்தித்தாளை வரி விடாமல் படித்தார்கள். மலைப் பிள்ளைகளுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் என்பதால் பள்ளிக்குப் பக்கத்தில் சின்ன நீச்சல் தொட்டி ஒன்றை அவர்களே கட்டினார்கள். சுவரில் ஆங்கிலத்தில் இரண்டே சொல் எழுதியிருந்தது: ஐ கேர். எனக்கு இதில் அக்கறை உண்டு என்று பொருள். சிலுவையைக் கழற்றிய மனிதர் சுவரில் எழுதி வைத்த வேதம் அதுதான் என்று சொல்லலாம்.

1967-இல் அந்தப் பள்ளியின் எட்டு மாணவர்கள் ஒரு வருட உழைப்பில் சேர்ந்து எழுதிய நூல், ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’, வெளிவந்தது. தேர்வில் தோற்றவர்கள் யார் யார் என்று புள்ளிவிவரம் எடுத்து, தோற்றது யாருடைய பிள்ளைகள் என்று காட்டினார்கள். பையன் பள்ளியை விட்டுப் போகவில்லை, பள்ளிதான் பையனைத் தொலைத்துவிட்டது என்பது அவர்களின் வாதத்தின் சாரம். ‘இடைநிற்றல்’ என்று நாம் எழுதும் சொல்லை அதோடு வைத்துப் பார்க்க வேண்டும். நின்றது யார்? தமிழ் இலக்கணப்படி பிள்ளை. பிள்ளை தானாக நின்றுவிட்டதாகவும், அதைத் திரும்ப ஏற்றுக்கொள்வது நம் பெருந்தன்மை என்பதாகவும் அந்த ஒரு சொல் கணக்கை மாற்றி எழுதிவிடுகிறது. கல்வித்துறைக் கோப்புகளிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘பள்ளி தொலைத்த பிள்ளைகள்’ என்று எழுதத் தொடங்கினால் பாதி வேலை முடியும்.

நூல் வந்த அடுத்த மாதம், ஜூன் 26 அன்று, 44 வயதில் மிலானி புற்றுநோயால் இறந்தார். வாங்கி வைத்த இடத்திலேயே புதைத்தார்கள். 50 ஆண்டுகள் கழித்து, 2017-இல், போப் பிரான்சிஸ் அந்தக் கல்லறைக்கு வந்து நின்றார்.

பார்பியானா ஒரு மனிதரின் தவம். அப்படி ஒரு மனிதர் ஊருக்கு ஊர் கிடைக்க மாட்டார். எல்லோராலும் முடிகிற ஒன்றாக அதை மாற்ற முடியுமா என்பதற்கு வங்கதேசத்தில் பதில் இருக்கிறது. போரில் சிதைந்து பிறந்த அந்த நாட்டில் 1972-இல் ஃபஸ்லே ஹசன் ஆபெத் தொடங்கிய பிராக் அமைப்பு, கிராமப் பெண்களுக்கு எழுத்தறிவு வகுப்புகள் நடத்தி வந்தது. வகுப்புக்கு வந்த தாய்மார்கள் கேட்டார்கள்: எங்களுக்குச் சரி, எங்கள் பிள்ளைகளுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? திட்டம் எந்த நிபுணரின் மேசையிலும் பிறக்கவில்லை, அந்தக் கேள்வியில் பிறந்தது. கடன் கொடுத்தவர் வந்து வாசலில் நின்று கேட்பது போன்ற கேள்வி.

1985-இல் 22 பள்ளிகளோடு தொடங்கினார்கள். பள்ளி என்றால் ஒரே ஓர் அறை. மூங்கில் தட்டி, தகரக் கூரை, தரையில் பாய், ஒரு கரும்பலகை, நோட்டும் சிலேட்டும் வைக்க ஒரு தகரப் பெட்டி. அறையை ஊரிலேயே வாடகைக்குப் பிடிப்பார்கள். சுமார் 30 பிள்ளைகள், பள்ளிப் பக்கமே போகாத 8 முதல் 10 வயதுக்காரர்கள், அவர்களில் பெரும்பகுதி பெண் பிள்ளைகள். ஆசிரியை அதே ஊரில் வாழ்க்கைப்பட்ட பெண். உயர்நிலைப் பள்ளி வரை எட்டிப் பார்த்தவர், அதற்குமேல் பட்டம் எதுவும் கிடையாது. சில நாள் பயிற்சி, பிறகு மாதந்தோறும் ஒரு நாள் புத்தூக்கப் பயிற்சி. விதைப்பும் அறுப்பும் பார்த்து, பெற்றோரோடு உட்கார்ந்து பேசி வகுப்பு நேரத்தை முடிவு செய்வார்கள். சில மணி நேரந்தான், ஆனால் வாரத்தில் ஆறு நாள். ஐந்தாண்டுப் பாடத்தை நான்கே ஆண்டில் முடித்தார்கள்.

முதல் நாள் சேர்ந்த பிள்ளைகளை அதே ஆசிரியைதான் கடைசி வரை கூட்டிப் போவார். அந்தப் பிள்ளைகள் படித்து முடித்ததும் பள்ளியும் முடிந்துவிடும். பாயைச் சுருட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தேவைப்படும் வேறொரு கூட்டத்துக்காக வேறோர் அறை தேடிப் போவார்கள். பெயர்ப்பலகையோடு நூறாண்டு நிற்க வேண்டும் என்ற ஆசை அந்தப் பள்ளிக்குக் கிடையாது. கடன் தீர்ந்ததும் பத்திரத்தைக் கிழித்துப் போடுவது போல. 1990களின் நடுவில் இப்படிப்பட்ட பள்ளிகள் 30,000-ஐத் தாண்டின.

எதிர்ப்பும் வந்தது. பெண் பிள்ளைகளை மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்று புரளி கிளப்பி, 1990களின் முற்பகுதியில் அந்தத் தட்டிப் பள்ளிகள் பலவற்றுக்குத் தீ வைத்தார்கள். எழுத்துக் கற்பித்தால் கைதிக்கு விடுதலை என்ற மரபின் பெயராலேயே எழுத்துக் கற்கும் கூரைக்கு நெருப்பு. அதற்காக அந்த மரபைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைகள் படிப்பதற்காக அந்தப் பாய்களை மறுபடி விரித்தவர்களில் பெரும்பாலோர் தொழுகை தவறாத முஸ்லிம்கள்தான்.

பிராக் முறைக்கு வலுவான ஒரு மறுப்பு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அன்றைய ஆந்திரத்தின் ரங்காரெட்டி மாவட்டத்தில் 1991 முதல் வேலை செய்த எம்.வி. பவுண்டேஷன், சாந்தா சின்ஹாவின் தலைமையில், ஒரே வரியில் தன் கொள்கையை வைத்தது: பள்ளியில் இல்லாத பிள்ளை ஒவ்வொன்றும் குழந்தைத் தொழிலாளிதான். பிள்ளைக்குப் பகல் முழுவதும் பள்ளி வேண்டும். வேலைக்குப் போய்விட்டு வந்து இரவில் படிக்கட்டும் என்பதை அவர்கள் ஏற்கவில்லை. இரவுப் பள்ளி பகல் வேலைக்குக் கொடுக்கும் அனுமதிச் சீட்டு என்றார்கள். பருத்திக் காட்டிலிருந்தும் மாட்டுத் தொழுவத்திலிருந்தும் பிள்ளைகளை மீட்டு, முகாம்களில் மாதக்கணக்கில் தங்க வைத்து, வயதுக்கேற்ற வகுப்புக்குத் தயார் செய்து, அரசுப் பள்ளியில் சேர்த்துவிடுவது அவர்கள் வழி. ஏழைப் பெற்றோருக்குப் பிள்ளையைப் படிக்க வைக்க விருப்பமில்லை என்ற பேச்சை முற்றாக மறுத்தார்கள். சாந்தா சின்ஹாவுக்கு 2003-இல் மகசேசே விருது கிடைத்தது.

யார் சொல்வது சரி? 1855-இல் புனேயில் உழைப்பாளிகளுக்கு இரவுப் பள்ளி வைத்த ஜோதிராவ் பூலேயையும் சாவித்திரிபாயையும் யாரும் தவறு சொல்ல முடியாது, அன்றைக்குப் பகலில் அவர்களுக்கு இடமே இல்லை. ஆனால் இன்றைக்கு ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு இரவு ஏழு மணிக்கு, கண் சொக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், மீந்துபோன ஒரு மணி நேரத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பது சரியாகாது. தானம் என்று நினைத்தால் மீந்ததைக் கொடுக்கலாம். கடன் என்றால் முழுத்தொகையும் வேண்டும். மாலை வகுப்பும் சூளை வகுப்பும் தவணைகள். அசலில் கழிகிற தவணைகளாக இருந்தால் நல்லது. பிள்ளையை முழுநேரப் பள்ளியின் வாசலில் கொண்டுபோய் விடாமல் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனால் அது வெறும் வட்டி.

இந்தியச் சட்டம் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ள எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். கட்டாயத் தொடக்கக் கல்விக்காக கோகலே 1911-இல் கொண்டுவந்த மசோதா, அடுத்த ஆண்டு 13-க்கு 38 வாக்குகளில் தோற்றது. 1950-இல் அரசியலமைப்பின் 45-வது உறுப்பு, 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பத்தாண்டுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்று சொன்னது. 1960 வந்து போனது. 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உரிமை என்றது. 2002-இல் 86-வது திருத்தம், 2009-இல் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. கோகலேயிலிருந்து எண்ணினால் 99 வருடம்.

அந்தச் சட்டத்தின் 4-வது பிரிவைப் படித்தவர்கள் குறைவு. ஆறு வயதைக் கடந்தும் பள்ளியில் சேராத, அல்லது சேர்ந்து முடிக்காத பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக வரச் சிறப்புப் பயிற்சி பெற அந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டு. முக்கியமானது கடைசி வரி: இப்படிச் சேர்ந்த பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு முடியும் வரை கல்வி இலவசம், வயது 14-ஐத் தாண்டினாலும். தாமதமாகிவிட்டது என்று சொல்லிக் கடனிலிருந்து நழுவ முடியாது என்பதுதான் அதன் அர்த்தம். வித்யாதானம் என்று பேசிவந்த ஒரு நாடு கடைசியில் கடன் பத்திரத்தில் போட்ட கையெழுத்து அது. போட்ட கையெழுத்துக்கு எவ்வளவு கட்டியிருக்கிறோம் என்று கேட்டால் தலைகுனிய வேண்டும். உலகம் முழுவதும் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம்: 2024-இல் யுனெஸ்கோ கொடுத்த கணக்கின்படி பள்ளியில் இல்லாத பிள்ளைகளும் இளையோரும் 25.1 கோடி.

கடன், உரிமை, சட்டம் என்று பேசினால் அன்பு வறண்டுவிடாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். மறுநாளே தம் கல்லறைக்கு இடம் வாங்கிய மிலானியை எந்தச் சட்டம் அப்படிச் செய்ய வைத்தது? பாய் விரிக்கும் அந்த ஆசிரியை வாங்கும் சொற்பச் சம்பளத்துக்கா பிள்ளைகளின் வீடு வீடாகப் போய் நிற்கிறார்?

இதற்கு வள்ளுவரிடம் ஒரு வழி இருக்கிறது. அவர் ஈகையைப் பற்றி ஓர் அதிகாரம் எழுதினார், 23-வது. அதற்கு முன்னாலேயே, 22-வதாக, ஒப்புரவறிதல் என்று தனியாக ஒன்றை வைத்தார். இரண்டும் ஒன்றென்றால் இரண்டு அதிகாரம் எதற்கு? ஈகை இல்லாதவருக்குக் கொடுப்பது. ஒப்புரவு ஊரோடு சேர்ந்து வாழ்கிறவன் ஊருக்குச் செய்தாக வேண்டியது. அதன் முதல் குறளிலேயே கடப்பாடு என்ற சொல் வந்து நிற்கிறது, அதே மூச்சில் கைம்மாறு வேண்டாம் என்ற பேச்சும் வருகிறது. கடன்தான், ஆனால் கொடுப்பவர் முகம் சுளிக்காத, திருப்பி எதுவும் எதிர்பார்க்காத கடன். அதற்கு அவர் சொல்லும் உவமைகளில் ஒன்று ஊருணி. ஊருணியில் குடம் மொள்ளும் பெண் யாருக்கும் கும்பிடு போடுவதில்லை, யாரிடமும் கூனிக் குறுகுவதில்லை. அது அவளுடையது. அதே ஊருணியை வெட்டித் தூர்வாரிக் கரை கட்ட ஊர் எவ்வளவு வியர்வை சிந்தியிருக்கும் என்பதும் உண்மை. அன்பும் கடனும் அங்கே ஒரே தண்ணீரில் கலந்து கிடக்கின்றன. ஊர்ப்பள்ளி இப்படி இருக்க வேண்டும். பிள்ளை தலை நிமிர்ந்து வந்து மொண்டு போக வேண்டும்.

மறுபடி சூளைக்கு. அந்த ஒடியாப் பிள்ளைக்கு யார் கடனாளி? ஒடிசா அரசா, தமிழ்நாடா, சேம்பர் முதலாளியா? அந்தச் செங்கல்லில் எழுந்த வீடுகளில் குடியிருப்பவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. சென்னையைச் சுற்றி எழும் கட்டடங்களில் அந்தச் சூளைக் கற்கள் இருக்கின்றன. ஒரு பிள்ளை வெறுங்காலோடு திருப்பிப் போட்டுக் காயவைத்த கல்லாக அவற்றில் எதுவும் இருக்கலாம். முன்பணம் என்ற கடனுக்காக அந்தப் பிள்ளையின் குடும்பம் ஆறு மாதம் வெயிலில் நிற்கிறது. அந்தப் பிள்ளைக்கு நாம் பட்ட கடன் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லை.

அதனால் இதைப் படிப்பவரிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஆண்டும் கோடையில் பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க ஆசிரியர்களும் பயிற்றுநர்களும் வீடு வீடாக வருகிறார்கள். கட்டடம் எழும் மனைகள், சூளைகள், சாலையோரக் கூடாரங்கள், ஓட்டல் அடுப்படிகள் எல்லாம் அவர்கள் கண்ணில் பட்டுவிடாது. உங்கள் கண்ணில் படும். பள்ளி நேரத்தில் ஒரு பிள்ளை வேலையில் நிற்பதைப் பார்த்தால் அருகிலுள்ள அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள், அல்லது 1098-க்கு அழையுங்கள். கல்வியாண்டு நடுவில் இருந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வயதுச் சான்று இல்லை, மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. சட்டம் அப்படித்தான் சொல்கிறது.